ரெண்டு அடிக்கு மேல் போனால் டிராவல்

1

நேராகவே கேட்கிறேன். பெண்கள் ஆடும் பாஸ்கெட்பால் மேட்ச் ஒன்றை, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை, நடுவில் டீ குடிக்க எழுந்து போகாமல் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டிவியில் இல்லை, நேரில். ஆடியது உங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருந்தாலும்?

பதில் எனக்குத் தெரியும். காரைக்குடியில் ஆறு வருஷம் ஆடியவள் நான். எங்கள் ஆட்டத்துக்கு ரெகுலர் ஆடியன்ஸ் மூன்று பேர். பி.டி. மிஸ், வாட்ச்மேன், பந்து பக்கத்தில் வந்தால் மட்டும் எழுந்து இடம் மாறிப் படுக்கும் ஒரு நாய்.

இப்போது நான் இருப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு கல்லூரி ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எதிர் டீம் ரசிகர்கள் கமென்ட்டில் வந்து சண்டைக்கு நிற்பார்கள். இங்கே கல்லூரிப் பெண்கள் ஆடுகிறார்கள் என்றால் மூன்று மணி நேரம் முன்பே பார்க்கிங் நிரம்பிவிடும். அரங்கத்தின் கூரையில் பழைய வெற்றிக் கொடிகள் வரிசையாகத் தொங்கும், சிலது நிறமே வெளுத்துப்போய். அம்மா சின்ன வயதில் பார்த்த டீமை மகள் பார்க்கிறாள், அவள் மடியில் இருக்கும் குழந்தை பாப்கார்னைச் சிந்துகிறது. முதல் தடவை உள்ளே போய் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹீட்டர் காற்று கண்ணில் பட்டது என்று சமாளித்தேன். அடுத்த வாரமே சீசன் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

இதெல்லாம் ஏன் இன்றைக்கு என்றால், அப்பா இங்கே வந்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போய் இன்றோடு பதினாலு நாள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அதற்குள் தட்டி முடிக்க வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

2

அப்பா கண்டக்டர். காரைக்குடி–மதுரை பிரைவேட் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார். என் தங்கச்சியைத் தனியாக விட்டு வர மாட்டேன் என்று அம்மா சொன்னதால், நவம்பரில் அவர் மட்டும் மார்ச் வரைக்குமான டிக்கெட்டோடு வந்து இறங்கினார்.

ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் ஆபீசர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் என்றிருக்கிறார் அப்பா. ஆபீசரின் முகம் மலர்ந்துவிட்டது. "மியூசிக்?"

"எஸ் சார். டெய்லி மியூசிக். மதுரை வரைக்கும் ஃபுல் சவுண்டு."

ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ஆளுக்கும் இந்த ஊரில் கண்டக்டர் என்றுதான் பெயர். அந்த ஆபீசர் எழுந்து நின்று கை கொடுத்து அனுப்பினாராம். "ரொம்ப மரியாத தெரிஞ்ச ஆளுக. நம்மூர்ல கண்டக்டருக்கு எவன் எந்திரிச்சு நிக்கிறான்?" என்றார் அப்பா. நான் விளக்கவில்லை.

மொழியில் தடுக்கி விழுந்தது அப்பா மட்டும் என்று நினைக்காதீர்கள். நான்தான் அதிகம். நாலு வருஷத்தில் எனக்கு இங்கத்திய ஆட்கள் மாதிரி "அஹ்ஹ" என்று பழகிவிட்டது. இங்கே அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அப்பாவின் காதுக்கு அது நம்ம ஊர் ம்ஹும்.

"சாப்டியா?"

"அஹ்ஹ."

போய் தோசை சுட்டு எடுத்து வருவார். வந்த முதல் வாரம் முழுக்க நான் ஒவ்வொரு வேளையும் இரண்டு தடவை சாப்பிட்டேன். எட்டாவது நாள்தான் அவருக்குப் பிடிபட்டது. "சாப்ட்டேன்னு சொல்லக்கூட உனக்கு வாய் வரலையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டே கேட்டதால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பகலில் நான் ஆபீஸ் போய்விடுவேன். வெளியே பனி. அவர் ஜன்னலோரமாக நின்று, எங்கள் தெருவில் போகும் டவுன் பஸ்ஸை எண்ணிக்கொண்டிருப்பார். ஏறுவதற்கு ஆளே இல்லாமல் பஸ் எப்படி நேரத்துக்கு வருகிறது என்பது அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. நாலாவது நாள் சாயங்காலம் பாவமாக இருந்தது. மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

3

வாசலிலேயே தகராறு. அப்பா கையில் மஞ்சள் பை, உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்த சீப்புச் சீடை. பை என்றால் கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பது இங்கே சட்டம். செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு நான்தான் காட்டுறேங்கிறேன்ல. பை எதுக்குக் காட்டணும்?" என்றார் அப்பா என்னிடம். பிறகு அவரிடம் ஒரு சீடையை நீட்டினார். செக்யூரிட்டி வாங்கி, கடித்து, நல்லா இருக்கிறது என்று தலையாட்டி, வெளிச் சாப்பாட்டுக்கும் அனுமதி இல்லை என்றார். அப்பா ஓரமாகப் போனார். திரும்பி வந்தபோது பை நாலாக மடிந்து இடுப்பில் இருந்தது. அவர் போட்டிருந்த என் பழைய பனிக்கோட்டின் இரண்டு பாக்கெட்டும் புடைத்திருந்தன. நடக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தது.

உட்கார்ந்ததும் குனிந்து ஆடுகளத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏத்தா, தரை என்ன இப்படி மினுங்குது? ஆத்தங்குடிக் கல்லாட்டம்ல இருக்கு. புள்ளைக வழுக்கி விழுந்துறாதுகளா?"

"மரம்ப்பா. வழுக்காது."

"மரமா? இம்புட்டு மரத்தைப் போட்டு மிதிக்கிறாகளா?"

எனக்கு அந்தப் பக்கத்து ஸீட் டோரத்தியுடையது. எழுபது தாண்டியவர். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் மஞ்சள் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டியவர். இந்த டீமுக்கு இவ்வளவு பெயர் வருவதற்கு முன்பிருந்தே வருகிறார். அப்போதெல்லாம் கூட்டமே இருக்காதாம், பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பாராம்.

"பேரு என்ன சொன்னே? துரத்தியா?"

"டோரத்திப்பா."

"அதான், துரத்தி. பஸ்ஸை நல்லா வெரட்டி ஓட்டியிருக்கும்போல."

ஆட்டம் தொடங்கியது. எங்கள் டீமில் பதினோராம் நம்பர் பெண்தான் உள்ளதிலேயே குள்ளம். எதிரே வந்தவள் ஆறடிக்கு மேல். அவள் கையிலிருந்த பந்தை இவள் கீழே புகுந்து தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினாள். டோரத்தி எழுந்து நின்று கத்தினார்: "ஆட்டா கேர்ள்!"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏத்தா, அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் டோரத்தி இரண்டாவது தடவை கத்தினார்.

"ஆத்தாங்குது! கேட்டியா நீ? ஆத்தா கேர்ளுங்குது!"

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது இங்கிலீஷில் ஒரு பாராட்டு. சபாஷ்டி பொண்ணே என்கிற மாதிரி. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் 'ட்ட'வை அழுத்த மாட்டார்கள். டோரத்தியின் வாயில் பாப்கார்ன் வேறு. சத்தியமாகச் சொல்கிறேன், காரைக்குடி காதுக்கு அது ஆத்தாதான். நாலு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு எப்படி அது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

திருத்தலாம் என்று திரும்பினேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

"அப்ப இங்கயும் பொம்பளப் புள்ளைகள ஆத்தான்னுதான் கூப்புடுறாக," என்றார். "நீ என்னமோ வேற தேசம் வேற தேசம்ங்கிற."

அடுத்த தடவை பதினொன்று பந்தை வாங்கியபோது அப்பா எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் மேலூர், மதுரை என்று கூவிய தொண்டை. "போடு ஆத்தா!"

முன் வரிசை மொத்தமும் திரும்பியது. பந்து வளையத்துக்குள் போனது. டோரத்தி என் முழங்கையை இடித்து, உங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாயே, எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார் என்றார்.

அவர் தமிழ் பேசுவதாக இவர் நினைக்கிறார். இவர் இங்கிலீஷ் பேசுவதாக அவர் நினைக்கிறார். நடுவில் நான், சீடை மென்றுகொண்டு.

4

அதற்குப் பிறகு ஒரு ஹோம் கேமைக்கூட விடவில்லை. எங்கள் ஆட்கள் பந்தோடு பாய்ந்தால் அப்பா "ரைட் ரைட் ரைட்" என்பார். ஒரு மாதத்தில் எங்கள் பிளாக்கில் பத்துப் பதினைந்து பேர் "ரைட் ரைட்" சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவருக்குப் பெயரே மிஸ்டர் ரைட்-ரைட்.

ஒரு தடவை வார்னிங்கும் வாங்கினார். விசிலை ரிட்டயர் ஆன அன்றே முதலாளியிடம் கொடுத்துவிட்டாலும் விரல் இருக்கிறதே. உற்சாகத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தார். எதிர் டீம் பெண் ரெஃபரி என்று நினைத்துப் பந்தோடு அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஆள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அரங்க ஊழியர் ஒருவர் படியேறி வந்து இனிமேல் கூடாது என்று பணிவாகச் சொன்னார்.

"ரெண்டு விசில்னா போகலாம்னு அர்த்தம். நிக்கிறதுக்கு ஒத்த விசிலு. நான் போகலாம்னுதானே ஊதினேன்? நின்னது அவ தப்பு," என்றார் அப்பா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் சட்டம் ஒன்றும் தெரியாமலேயே அவர் கால்களைப் படித்தார். நான் ஆறு வருஷம் ஆடியும் கவனிக்காததை.

"பதினொன்னைப் பாரு. கம்பி பிடிக்காம நிக்கிறா."

"என்ன கம்பி?"

"பஸ்ஸுல கண்டக்டர் எப்படி நிப்பான்? ஒரு கையில டிக்கெட்டு, ஒரு கையில பை. திருப்பத்தூர் வளைவுல பஸ்ஸு சாயுறப்ப எதைப் பிடிப்பான்? முழங்காலை லேசா மடக்கி, பாரத்தை நடுவுல வச்சுக்கணும். அந்தப் புள்ள அதத்தான் செய்யுது. பாரு, இப்ப இங்குட்டுச் சாயுவா. ஆனா அங்குட்டுத்தான் போவா."

அங்குட்டுத்தான் போனாள்.

அன்றைக்கேதான் இன்னொன்றும் கேட்டார். "அந்த ரெஃபரி ரெண்டு கையையும் நூல் சுத்துறமாரி சுத்துறானே, எதுக்கு?"

"டிராவல்ப்பா. பந்தைத் தட்டாம ரெண்டு அடிக்கு மேல போனா தப்பு."

"டிராவல் பண்றது தப்பா?"

"இந்த ஆட்டத்துல தப்பு."

அப்பா பாக்கெட்டில் கையை விட்டார். சீடையை வெளியே எடுக்கவில்லை, கை மட்டும் உள்ளேயே இருந்தது. நானும் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைப் பத்து வருஷமாக யாரும் சும்மா சொல்வதில்லை.

5

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது மாவட்ட டீமில் எடுத்தார்கள். மாநில அளவு ஆட்டம் ஈரோட்டில், மூன்று நாள். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். மேலே பெரிய எழுத்தில் டிராவல் கன்சென்ட் என்று இருந்தது. அப்பா வாசித்தார்.

"டிராவலைப் பத்தி எனக்குச் சொல்றியா? நான் பாக்காத டிராவலா?"

அவ்வளவுதான். ஃபாரத்தை டிவிக்கு அடியில் செருகினார். பி.டி. மிஸ் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். ஃபாரம் டிவிக்கு அடியிலேயே இருந்தது. என் இடத்தில் தேவகோட்டைப் பெண் ஒருத்தி போனாள். திரும்பி வந்து கப்போடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் அன்றைக்கே ஷூவைக் கழற்றி என் தங்கச்சி வள்ளியிடம் தூக்கிப் போட்டேன். அவளுக்கு ஒன்பது வயது. ஷூ அவளுக்குப் படகு மாதிரி. முன்னால் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விட்டாள். நான் விட்ட இடத்தில் அவள் தொடங்கினாள் என்று அழகாகச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், அவளைத் தடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் காரைக்குடியிலேயே காலேஜ், செகண்ட் இயர். ஜனவரி இரண்டாவது வாரம் வீடியோ காலில் வந்தாள். யுனிவர்சிட்டி டீமில் எடுத்திருக்கிறார்கள். ஆட்டம் கேரளாவில், ரயிலில் போக வேண்டும். சனிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்தோடு ஃபாரம் வேண்டும்.

"அம்மாட்ட போடச் சொல்லுடி."

"அம்மா போட மாட்டேங்குது. 'அவுக போட்டாத்தான் நானும் போடுவேன்'ங்குது. நீ சொல்லுக்கா. நீ சொன்னாக் கேப்பாக."

"நான் சொல்லி அவுக கேக்குற ஆளா இருந்தா நான் ஈரோடு பாத்திருப்பேன்டி."

"விளையாடாதக்கா. இந்த வருஷம் போகலைன்னா அடுத்த வருஷம் மிஸ் என்னைச் சேக்க மாட்டாக. வராத புள்ளைக்கு எதுக்கு இடம்னு இப்பவே சொல்லிட்டாக. அம்புட்டுத்தான். நானும் ஷூவை யாருக்காச்சும் குடுத்துற வேண்டியதுதான்."

அது வேண்டுமென்றே போட்ட அடி. சரியான இடத்தில் விழுந்தது.

ஃபாரத்தை ஆபீஸில் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மேலே அதே தலைப்பு. நிதானமாக வாசித்து, மடித்து, கோட்டுப் பாக்கெட்டில் சீடையோடு வைத்துக்கொண்டார். திங்கள் போனது. செவ்வாய் போனது. நான் கேட்கவில்லை. இதுவரை கேட்டு வாங்கிய கெட்ட பெயரே போதும் என்று இருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மேட்ச். கடைசி நொடியில் பதினொன்று போட்ட பந்தில் ஜெயித்தோம். அப்பாவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது, அவ்வளவு ஆத்தா. முன் வரிசைக் குழந்தை ஒன்று அவரிடம் கை நீட்டித் தட்டிக்கொண்டு போனது. பாக்கெட்டில் அந்த ஃபாரம் அப்படியே இருந்தது. அது எனக்குத் தெரியும்.

6

பார்க்கிங்கில் காரின் முன் கண்ணாடி முழுக்க ஐஸ். ஹீட்டரைப் போட்டுவிட்டு அது உருகும் வரை உட்கார்ந்திருந்தோம். அப்பா இன்னும் அந்தக் கடைசி பாஸ்கெட்டைப் பற்றியே கரகரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேதான் பொறுக்கவில்லை.

"என் மேட்ச் ஒண்ணுக்காச்சும் வந்தீகளாப்பா?"

அப்பா ஹீட்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டார்.

"கேக்குறேன்ல. இங்க யாரோ பெத்த புள்ளைகளுக்கு எந்திரிச்சு நின்னு ஆத்தா ஆத்தான்னு கத்துறீக. நான் ஆறு வருஷம் ஆடினேன். வீட்டுக்கும் கிரவுண்டுக்கும் ரெண்டு தெரு. லீவு நாள்லயாச்சும் ஒருக்க வந்தீகளா?"

"வரல."

"ஏன்?"

"வந்து பாத்திருந்தாக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதான் வரல."

நான் வைப்பரைப் போட்டுப் பார்த்தேன், ஐஸ் அசையவில்லை. அவரே தொடர்ந்தார்.

"உன் ஃபாரம் வாரதுக்கு ரெண்டு மாசம் முந்தி, ஒரு ஸ்கூல் டீம் நம்ம பஸ்ஸுல ஏறுச்சு. எல்லாம் உன் வயசுப் புள்ளைக. கையில கப்பு. மேலூர்ல நாலு பேரு ஏறினாய்ங்க. அந்தப் புள்ளைக போட்டிருந்த கால்சட்டையைப் பாத்துப் பேச ஆரம்பிச்சாய்ங்க. பேச்சு மட்டும் இல்ல. நான் ஒத்த விசில் அடிச்சு வண்டிய நிறுத்தி நாலு பேரையும் ரோட்டுல எறக்கி விட்டேன். எறக்கினதுக்கு பஸ்ஸுல இருந்தவுக என்னையத்தான் திட்டுனாக. லேட்டாகுதாம். அந்தப் புள்ளைக காரைக்குடி வார வரைக்கும் வாயத் தொறக்கல. கப்பைத் துண்டைப் போட்டு மூடி வச்சுக்கிட்டு வந்துச்சுக. அன்னைக்கு நான் இருந்தேன். எல்லா பஸ்ஸுலயும் நான் இருப்பேனா?"

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் ஆடுறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு பத்து வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"பயமா இருக்குன்னு கண்டக்டர் சொல்லலாமா? அப்புறம் பஸ்ஸுல எவன் ஏறுவான்?"

பிறகு பாக்கெட்டிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து டாஷ்போர்டு வெளிச்சத்தில் காட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். பயணத்தின்போது நேரும் எதற்கும் கல்லூரி பொறுப்பாகாது.

"இதப் படிச்சியா? ஏறின ஒரு ஆளுகிட்டயாச்சும் நான் இப்படிச் சொல்லியிருக்கேனா?"

"எல்லா ஃபாரத்துலயும் இப்படித்தான்ப்பா போடுவாக."

"அப்படிப் போடுறவுகள நம்பி நீ புள்ளைய அனுப்புவியா?"

அனுப்புவேன் என்றேன். வள்ளிக்குப் பத்தொன்பது வயது, அவள் இப்போது போகாவிட்டால் இனி எப்போதும் போக மாட்டாள், என்னைப் பாருங்கள், ஈரோட்டுக்குப் போகாத கோபத்தில்தான் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாதி இங்கிலீஷில். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது.

கண்ணாடி தெளிந்திருந்தது. அப்பா டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினார். "சரி. ரைட்."

அது காருக்கா, எனக்கா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

7

வியாழக்கிழமை சாயங்காலம் யுனிவர்சிட்டி ஜிம்மில் நாங்கள் சும்மா ஆடுவோம். ஆபீஸ் ஆட்கள், ரிசர்ச் பண்ணுகிறவர்கள், முழங்கால் போனவர்கள். நானும் வாரேன் என்று அப்பா கிளம்பினார். பெஞ்சில் மஞ்சள் பையோடு உட்கார்ந்தார்.

என் முதல் ஷாட் வளையத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது போர்டின் பின்பக்கம் பட்டது. மூன்றாவது தடவை பந்தை வாங்கி, ஒருத்தனை ஏமாற்றி, உள்ளே பாய்ந்து அழகாகப் போட்டேன். விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா பெஞ்சில் இல்லை. எழுந்து ஆடுகளத்துக்கு உள்ளேயே வந்து, இரண்டு கையையும் நூல் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்.

"டிராவல்! டிராவல்! ரெண்டு அடிக்கு மேல போயிட்டா! நான் பாத்தேன்!"

ஆட்டம் நின்றது. யார் அவர் என்று எதிர் டீம் ஆள் கேட்டான். என் அப்பா என்றேன். அவர் சொல்வது சரியா என்றான்.

சரிதான். மூன்று அடி வைத்திருந்தேன். பந்தை அவனிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்த ஆள், வந்த பத்தாவது நிமிஷம் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அதன் பிறகு மூன்று பாஸ்கெட் போட்டேன், மூன்றுக்கும் ஆத்தா வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேனா கேட்டார். ஃபாரத்தில் சீடை எண்ணெய் பட்டு வட்டமாக ஊறியிருந்தது. அந்த ஒரு வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். வள்ளிக்குப் போட்டோ பிடித்து அனுப்பினேன். அவள் பத்து இதயம் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால் பத்து அழுகை அனுப்பியிருந்தாள். காலேஜ் ஆபீஸில் திருப்பிவிட்டார்களாம். அடித்தல் திருத்தல் கூடாதாம்.

நான் புது ஃபாரம் பிரின்ட் எடுத்து டேபிளில் வைத்தேன். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்.

"அவுக பொறுப்பில்லைங்கிறாக. நாம அடிச்சா மட்டும் பொறுப்பு வந்துருமா?" என்றார் தனக்குத்தானே. உட்கார்ந்து, எந்த வரியையும் தொடாமல், கையெழுத்துப் போட்டார். மூடியைப் பேனாவில் போட்டுவிட்டுச் சொன்னார்: "என் டிக்கெட்டை முன்னாடி மாத்து. நானும் அதே ரயிலுல போறேன்."

"மார்ச் வரைக்கும் இருக்கேன்னீகளே. இன்னும் அஞ்சு ஹோம் கேம் இருக்குப்பா."

"இந்தப் புள்ளைகளுக்குக் கத்த ஊரே இருக்கு. அங்க யாரு இருக்கா? ஒரு நாயி."

நாயைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

வள்ளி ஃபோனில் அலறினாள். "அக்கா, வேணாம்னு சொல்லுக்கா. அப்பாவோட மேட்ச்சுக்குப் போனா டீமே சிரிக்கும். மானம் போயிரும்."

அப்பா ஃபோனை வாங்கினார். "நான் உன் பெட்டில வரல. பக்கத்துப் பெட்டில டிக்கெட் போட்டுக்கிறேன். ரயிலு என்ன உன் டீமுக்கு மட்டுமா ஓடுது?"

டிக்கெட்டை மாற்ற ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டு நாற்பது நிமிஷம் வயலின் கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "கண்டக்டர் யாருன்னு கேளு," என்றார் அப்பா. ஆக, ஆர்கெஸ்ட்ரா விஷயம் அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் பார்த்த கடைசி மேட்ச் அன்று மிச்சச் சீடையை மஞ்சள் பையோடு டோரத்திக்குக் கொடுத்தார், பார்க்கிங்கில் வைத்து. அவர் தன் டீம் தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் போட்டார். அன்றைக்குத்தான் டோரத்தியிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா சொன்னது அது இல்லை, ஆத்தா என்றால் எங்கள் ஊரில் அம்மா, சின்னப் பெண்ணைக்கூட ஆசையாக அப்படிக் கூப்பிடுவோம் என்று. டோரத்தி பைக்குள்ளிருந்து ஒரு சீடையை எடுத்துக் கடித்தார்.

"அப்படியென்றால் நாங்கள் ரெண்டு பேரும் இந்தப் பெண்களைப் பார்த்து அம்மா அம்மா என்றா கத்திக்கொண்டிருந்தோம்?"

"கிட்டத்தட்ட."

"பரவாயில்லை. அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்குத் தகும்."

அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

8

இவ்வளவும் தட்டி முடிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டது. இங்கே சனிக்கிழமை சாயங்காலம், கேரளாவில் ஞாயிறு காலை. டோரத்தி பாப்கார்னோடு என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். ஃபோனை ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்திருக்கிறோம். அங்கே ஃபோனைப் பிடித்திருப்பது அப்பா. முதல் குவார்ட்டர் முழுக்க அவருடைய சட்டைப் பாக்கெட்டைத்தான் பார்த்தோம். இரண்டாவதில் ஒரு தென்னை மரமும் பாதி விரலும்.

"அப்பா, ஃபோனை அங்குட்டுத் திருப்புங்க!"

"திருப்பித்தானே வச்சிருக்கேன்!"

இப்போதுதான் கிரவுண்டு தெரிகிறது. கேலரி காலி. வள்ளி பந்தோடு நிற்கிறாள், முழங்காலை லேசாக மடக்கி, கம்பி பிடிக்காமல். இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தை வைத்திருக்கிறாள். அப்பா கத்துகிறார். ஃபோன் ஆடுகிறது. டோரத்தியும் கத்துகிறார். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

மூன்றாவது குவார்ட்டர். இரண்டு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். வள்ளிக்கு நாலு ஃபௌல், இன்னொன்று ஆனால் வெளியே.